தேயிலைக்குக் கேட்ட மருந்து உருளைக்கிழங்குக்குக் கேட்கவில்லை: கேத்தி பள்ளத்தாக்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் சரிவெல்லாம் தேயிலை. அடியில் சமமான இடத்தில் கேரட், பீட்ரூட், பூண்டு, உருளைக்கிழங்கு. பல குடும்பங்களுக்கு இரண்டும் உண்டு. காலையில் மேலே இலை பறிப்பு, மத்தியானத்துக்கு மேல் கீழே களை எடுப்பு. மருந்து டப்பா வைக்கும் அலமாரியும் ஒன்று, ஸ்பிரேயரும் ஒன்று. தேயிலைக்கு வாங்கி மீந்தது காய்கறிக்குப் போவது இங்கே சகஜம். அப்படிப் போன ஒரு மருந்து, உருளைக்கிழங்கில் ஒரு நோயை நிறுத்திவிட்டு, அதே செடியில் இருந்த இன்னொரு நோயை அப்படியே விட்டுவிட்டது. காரணம் மருந்தின் தரத்தில் இல்லை, அளவிலும் இல்லை. நாம் "பூஞ்சாணம்" என்று சேர்த்துப் பேசும் உயிர்களில் எது எதற்குச் சொந்தம் என்பதில் இருந்தது.

நிலத்தில் நடந்தது

அரை ஏக்கர் நிலம். கார்போகத்துக்கு ஏப்ரலில் நட்ட உருளைக்கிழங்கு, குஃப்ரி ஜோதி ரகம். மண் அணைத்த சில நாட்களில் அடியிலைகளில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நிலத்துக்காரர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா. தேயிலைக் கொப்புள நோய்க்கு வாங்கி வைத்திருந்த ஹெக்சாகோனசோல் என்ற பூஞ்சாண மருந்தை எடுத்து அடித்தார். புள்ளிகள் அதற்கு மேல் பரவவில்லை. புதிதாக வந்த இலைகள் சுத்தமாக இருந்தன.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. நாளெல்லாம் தூறல், மூட்டம். இலை காய்வதற்கு நேரமே இல்லை. அந்த வாரத்தில் செடியின் மேல்பாதியில், இலை நுனியிலும் ஓரத்திலும், நீர் கோத்த கரும்பச்சைத் திட்டுகள் வந்தன. அக்கா அதே மருந்தை மறுபடி அடித்தார். திட்டு கருத்தது, காம்புக்கு இறங்கியது, தண்டைப் பிடித்தது. பள்ளத்தை ஒட்டிய கீழ்ப்பாத்திகளில் அழுகல் வாடை வர ஆரம்பித்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்.

"தேயிலையில கொப்புளம் வந்தப்ப இதே மருந்துதான் அடிச்சேன், நல்லா கேட்டுச்சு. போன மாசம் இந்தச் செடியிலயே கேட்டுச்சு. இப்ப மட்டும் ஏன் தம்பி கேக்க மாட்டேங்குது?"

"அளவு எவ்வளவு ஊத்துனீங்க அக்கா?"

"முதல்ல சரியாத்தான் ஊத்துனேன். ரெண்டாவது வாட்டி கூடவே ஊத்திட்டேன். கடையில கேட்டதுக்கு, இதுவும் பூஞ்சாணந்தான், அடிங்கன்னாங்க."

கடைக்காரர் சொன்னதைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. பயிர் நோய்ப் புத்தகங்களிலேயே தேயிலைக் கொப்புளம், உருளையில் முதலில் வந்த புள்ளி, பிறகு வந்த திட்டு ஆகிய இந்த மூன்று நோய்களும் பூஞ்சாண நோய்கள் என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் பல காலம் இருந்தன.

ஒரே செடியில் இரண்டு புண்

அடியிலையில் இருந்த பழைய புள்ளி காய்ந்து, விளிம்பு தெளிவாக, உள்ளே வளையத்துக்குள் வளையமாக இருந்தது. சுற்றி மெல்லிய மஞ்சள். தொட்டால் மொறமொறவென்று உடையும். இது முன்பருவ இலைக்கருகல்.

மேலிலையில் இருந்தது வேறு மாதிரி. வளையம் இல்லை. விளிம்பு எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாது. கரும்பழுப்பு, அதைச் சுற்றி வெளிர்பச்சை, அதற்கப்பால் நல்ல இலை என்று ஒன்றில் ஒன்று கரைந்திருந்தது. இலையைத் திருப்பினால், கருத்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே மட்டும் ஒரு வெண்மையான பொடி விளிம்பு. காலை எட்டு மணிக்குப் பார்த்தால் தெரியும், வெயில் ஏறினால் மறைந்துவிடும். பின்பருவ இலைக்கருகலுக்கு இதைவிட நல்ல கள அடையாளம் கிடையாது.

கண்ணால் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. இரண்டு வகை இலையிலும் சில பறித்து, ஈரக் காகிதம் விரித்த சாப்பாட்டு டப்பாவில் அடிப்பக்கம் மேலே வரும்படி வைத்து மூடி, ஒரு ராத்திரி விட்டோம். மறுநாள் காலையில் மேலிலைகளில் வெள்ளைப் பூப்பு அடர்ந்திருந்தது. செலோடேப்பை மெல்ல ஒற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தால் போதும், பெரிய ஆய்வகம் தேவையில்லை.

அடியிலைப் புள்ளியில் இருந்து வந்தது ஆல்டர்நேரியா சொலானி. பழுப்பு நிற வித்துகள், கதை வடிவம், ஒரு முனையில் நீண்ட வால். வித்துக்குள் குறுக்கேயும் நெடுக்கேயும் சுவர்கள். இழைகளிலும் இடைவெளி விட்டு விட்டுக் குறுக்குச்சுவர்.

மேலிலையில் இருந்து வந்தவை நிறமில்லாத வித்துப்பைகள். எலுமிச்சம்பழ வடிவம், ஒரு முனையில் சின்னக் காம்பு. தாங்கி நிற்கும் இழை கிளை கிளையாகப் பிரிந்து, கிளைகளில் இடையிடையே லேசாக வீங்கியிருக்கிறது. இழையில் குறுக்குச்சுவரே இல்லை, ஒரே குழாய். பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்.

அப்புறம் ஒன்று செய்தோம். இதை வாய்ப்புக் கிடைக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த வித்துப்பைகளைக் குளிர்ந்த நீரில் அலசி, ஒரு கிண்ணத்தில் ஜன்னலோரம் வைத்தோம். சுமார் 12 டிகிரி குளிர் வேண்டும். ஊட்டிப் பக்கத்து ஜூன் மாத ராத்திரிக்கு அதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஓரிரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், பைக்குள் இருந்த கூழ் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது. காம்புக்கு எதிர்முனை திறக்கிறது. உள்ளிருந்து அவரை விதை வடிவில் சின்னச் சின்ன வித்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நீந்திப் போகின்றன. இலையில் ஒரு படலம் தண்ணீர் இருந்தால் போதும், அவை நீந்திப் போய் இலைமேல் ஒட்டி முளைத்துவிடும். வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் இந்த நீச்சல் இருக்காது, வித்துப்பையே நேராக முளைத்துவிடும். நீலகிரியின் தூறல் மாதங்கள் இந்த நோய்க்கு ஏன் இவ்வளவு வாகாக இருக்கின்றன என்பது அந்த ஒரு சொட்டில் புரிந்துவிடும்.

நீந்தும் வித்து என்பதே ஒரு துப்பு. உண்மைப் பூஞ்சாணங்களில் கைட்ரிட் போன்ற சில தொல்வகைகளின் வித்துகள்தான் நீந்தும், அவற்றுக்கும் பெரும்பாலும் பின்பக்கம் ஒரே ஒரு கசையிழை, அதாவது நீந்த உதவும் வால் போன்ற இழை. பைட்டோப்தோராவின் நீந்து வித்துக்கு இரண்டு. முன்னே நீளும் ஒன்றில் மெல்லிய மயிர்கள் அடர்ந்திருக்கும், பின்னே போகும் மற்றது வழவழப்பானது. இந்த ஜோடி பழுப்புப் பாசிகளின் நீந்தும் செல்களிலும் உண்டு.

தோற்றம் வைத்து எழுதிய கணக்கு

இந்த உயிருக்கு 1845-இல் மோந்தாஞ் வைத்த பெயர் போட்ரிட்டிஸ் இன்ஃபெஸ்டன்ஸ். போட்ரிட்டிஸ் உண்மையான பூஞ்சாணப் பேரினம். உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்தில் பஞ்சம் தொடங்கிய வருஷம் அது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் குறையாதவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அழுகலுக்குக் காரணம் இந்த இழைதான் என்று பெர்க்லி 1846-இல் எழுதினார். டி பாரி அதைச் சோதனையால் நிறுவி, 1876-இல் இப்போதைய பெயரைக் கொடுத்தார். நீலகிரிக்கு நோய் வந்தது 1870-க்கும் 1880-க்கும் இடையில். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே இந்த மலையில்தான்.

அந்தக் காலத்தில் கையில் இருந்தது நுண்ணோக்கி மட்டும். இழையாக வளர்கிறது, பச்சையம் இல்லை, வெளியே நொதியைக் கக்கிக் கரைத்து உறிஞ்சுகிறது, வித்து போடுகிறது. இதெல்லாம் பூஞ்சாணத்தின் லட்சணம். எனவே பூஞ்சாணம். அந்த முடிவை நான் குறையாகச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை அவ்வளவு நுணுக்கமாக வரைந்து வைத்துவிட்டுப் போனதால்தான் இன்றைக்கும் ஒரு செலோடேப்பை வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடிகிறது.

ஆனால் ஒரே மாதிரி சட்டை போட்டவர்கள் எல்லாம் பங்காளி ஆகிவிடுவதில்லை. இலைக்குள் புகுந்து உறிஞ்சி வாழ வேண்டுமானால் இழை உடம்பு வசதி. அந்த வசதியை வேறு வேறு வம்சங்கள் தனித்தனியாகவே எட்டியிருக்கலாம். சந்தேகம் அப்போதே இருந்தது. ப்ரிங்ஷைம் 1858-இலேயே பைட்டோப்தோரா சேர்ந்த ஊமைசீட் என்ற கூட்டத்துக்கும் பாசிகளுக்கும் இனப்பெருக்க உறுப்புகளில் இருக்கும் ஒற்றுமையைச் சுட்டினார். பாசிப்பூஞ்சாணங்கள் என்ற பொருளில் ஃபைகோமைசீட்ஸ் என்று ஒரு வகுப்பே இருந்தது. விட்டேக்கர் 1969-இல் ஐந்துலக வகைப்பாட்டை முன்வைத்தபோது ஊமைசீட் கூட்டத்தைப் பூஞ்சாண உலகத்துக்குள்தான் வைத்தார், ஆனால் இரட்டைக் கசையிழைக்காகத் தனி உட்பிரிவு கொடுத்து ஒதுக்கி வைத்தார்.

வேதியியலும் எதிராகவே சாட்சி சொன்னது. பூஞ்சாணத்தின் செல் சுவரில் கைட்டின் உண்டு, வண்டின் ஓட்டில் இருக்கும் அதே பொருள். ஊமைசீட்டின் சுவரில் முக்கியமாக குளுக்கனும் செல்லுலோஸும், கைட்டின் இருந்தால் மிகச் சொற்பம். செல் சுவர் வேதியியலையும் வகைப்பாட்டையும் சேர்த்து பார்ட்னிக்கி கார்சியா 1968-இல் எழுதியது இத்துறையில் திருப்புமுனை. லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பூஞ்சாணங்கள் ஒரு வழியில் தயாரிக்கின்றன, ஊமைசீட்டுகள் தாவரங்களைப் போல் வேறு வழியில். பூஞ்சாண இழை பெரும்பாலும் ஒற்றைத் தொகுதி குரோமோசோமோடு வாழ்கிறது, ஊமைசீட் இழையில் நம்மைப் போல இரட்டைத் தொகுதி. இத்தனை வேறுபாடுகள் தெரிந்த பிறகும் அந்தக் கூட்டம் பூஞ்சாணப் பாடத்திலேயே தங்கியிருந்தது.

மரபணு சொன்ன உறவு

முடிச்சு அவிழ்ந்தது ரைபோசோம் மரபணுக்களைப் படித்தபோது. புரதம் செய்யும் ரைபோசோம் எல்லா உயிரிலும் இருக்கிறது. அதன் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணு மிக மெதுவாக மாறுவது. இரண்டு உயிர்களின் எழுத்து வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, எங்கெங்கே மாறியிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு முன்னால் பிரிந்தவை என்று கணிக்கலாம். இழை, வித்து, நிறம் எதுவும் இந்தக் கணக்கில் வராது.

1987-இல் கண்டர்சனும் உடனிருந்தவர்களும் இப்படிப் பார்த்தபோது, ஊமைசீட் போய் நின்ற இடம் பொன்பாசிகளுக்குப் பக்கத்தில். டயட்டம் என்ற ஒருசெல் பாசி, பழுப்புப் பாசி எல்லாம் அதே கிளை. உண்மைப் பூஞ்சாணங்கள் அந்தக் கிளையிலேயே இல்லை. அவை விலங்குகளுக்கு நெருங்கியவை என்பது 1993-இல் வந்த ஆய்வுகளில் உறுதிப்பட்டது.

கேத்தியில் அந்த அக்காவின் நிலத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். தேயிலையில் கொப்புளம் போடும் எக்சோபசிடியம் வெக்சன்ஸும் உருளை அடியிலையில் வளையம் போட்ட ஆல்டர்நேரியாவும் உண்மைப் பூஞ்சாணங்கள். இரண்டும் வேறு வேறு பெரும்பிரிவு, முன்னது பசிடியோமைகோட்டா, பின்னது ஆஸ்கோமைகோட்டா. இருந்தாலும் ஒரே உலகம். மேலிலையைக் கருக்கிய பைட்டோப்தோரா, மன்னார் வளைகுடாவில் வளரும் சர்காசம் கடற்பாசிக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதை வைத்துப் பார்த்தால், தேயிலைக் கொப்புளப் பூஞ்சாணம் பைட்டோப்தோராவைவிட நமக்கே நெருங்கிய உறவு.

எக்சோபசிடியத்தின் கதையும் லேசானதல்ல. இலையில் முதலில் கண்ணாடி போன்ற ஒரு புள்ளி, அப்புறம் மேலே குழி, கீழே உப்பல், அந்த உப்பலில் வெல்வெட் போல வெள்ளை. அந்த வெள்ளைதான் வித்துத் தாங்கிகள். காளானில் அவை குடைக்கு அடியில் ஒளிந்திருக்கும், இதில் குடையே கிடையாது, இலையின் அடித்தோலைக் கிழித்துக்கொண்டு நேராக வெளியே வந்துவிடும். வித்துத் தாங்கியின் சாயலை வைத்து இதைக் காளான் கூட்டத்தோடு சேர்த்துப் பேசியவர்கள் உண்டு. மரபணு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மக்காச்சோளக் கரிப்பூட்டை நோய்க் கூட்டத்தில். கரிப்பூட்டை கருப்புப் பொடி, இது வெள்ளை வெல்வெட். பார்த்தால் யாரும் ஒன்றாகச் சேர்க்க மாட்டார்கள். அஸ்ஸாமில் 1868-இல் தெரியவந்து, 1898-இல் மாஸி பெயர் வைத்து, 1946-இல் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்த நோய் இது. பறிக்கிற கொழுந்தையே தாக்குவதால் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் பரிச்சயம்.

நம் மாதிரியை ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பி ஐ.டி.எஸ். என்ற மரபணுப் பகுதியைப் படிக்கச் சொன்னோம். ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவில் இருக்கும் இடைப்பகுதி அது. மெதுவாக மாறும் பகுதிகளுக்கு நடுவில் இது மட்டும் வேகமாக மாறுவதால் இனத்தை அடையாளம் காண உதவும். அதைப் பெருக்கி எடுக்க உதவும் பிரைமர்கள் என்ற சின்ன டி.என்.ஏ. துண்டுகள் 1990-இல் வெளிவந்தன, பூஞ்சாண இனங்களை அடையாளம் காட்டும் பொது பார்கோடாக 2012-இல் முன்வைக்கப்பட்டது. ஊமைசீட்டுக்கும் அது ஓரளவு பயன்படும். முடிவு பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்று வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனென்றால் மரபணு அறிக்கை வந்துவிட்டால் மற்றதெல்லாம் வேண்டாம் என்ற எண்ணம் பரவி வருகிறது. மெக்சிகோவில் அந்திமந்தாரைச் செடியைத் தாக்கும் பைட்டோப்தோரா மிராபிலிஸ் என்று ஒன்று உண்டு. அதன் ஐ.டி.எஸ். வரிசையும் இன்ஃபெஸ்டன்ஸின் வரிசையும் ஏறக்குறைய ஒன்றே. வித்துப்பையும் அதே எலுமிச்சை வடிவம். எந்தச் செடியில் வளர்கிறது என்பதுதான் அங்கே முதல் அடையாளம். ஆகவே "உருளைக்கிழங்கு மேலிலை, வெள்ளை விளிம்பு, எலுமிச்சை வடிவ வித்துப்பை" என்ற களக்குறிப்பு இல்லாமல் அந்த ஐ.டி.எஸ். அறிக்கை பாதிதான். நான் பார்த்த வரையில் மாதிரியோடு குறிப்பு அனுப்புகிறவர்கள் குறைவு. வெறும் இலையை ஒரு கவரில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

மருந்து எதைப் பார்க்கிறது

ஹெக்சாகோனசோல் ட்ரையசோல் வகை. பூஞ்சாணத்தின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். அதைத் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியை இந்த மருந்து அடைக்கிறது. எக்சோபசிடியமும் ஆல்டர்நேரியாவும் அந்தப் பாதையை வைத்திருக்கின்றன. பெரும்பிரிவு வேறானாலும் மூதாதை வழியில் வந்த பாதை. அதனால்தான் தேயிலை மருந்து உருளையின் அடியிலையில் வேலை செய்தது.

பைட்டோப்தோராவுக்கு அந்தப் பாதையே கிடையாது. ஸ்டெராலைத் தானாகச் செய்யாது, வேண்டியதைத் தாக்கும் செடியில் இருந்தே எடுத்துக்கொள்ளும். அடைப்பதற்கு அங்கே கதவே இல்லை. அக்கா இரண்டு மடங்கு ஊற்றினாலும் பத்து மடங்கு ஊற்றினாலும் பலன் ஒன்றுதான்: செலவு, மண்ணில் மருந்து, நடுவே நோய்க்குக் கிடைத்த அவகாசம். அந்த அவகாசம்தான் பெரிய நஷ்டம். ஈரம் விடாத காலத்தில் பின்கருகல் ஒரு வயலை முடிக்க ஓரிரு வாரம் போதும்.

எதிர்த்திசையிலும் இது உண்மை. டைமெத்தோமார்ஃப், மாண்டிப்ரோபமிட் போன்றவை ஊமைசீட்டின் செல்லுலோஸ் சுவர் கட்டும் வேலையைக் கெடுப்பவை. செல்லுலோஸ் சுவர் இல்லாத கொப்புளப் பூஞ்சாணத்துக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது. 1977-இல் சந்தைக்கு வந்த மெட்டலாக்சில் ஊமைசீட்டில் ஆர்.என்.ஏ. தயாரிப்பை நிறுத்துவது, உண்மைப் பூஞ்சாணங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

உறவு பார்க்காத மருந்துகளும் இருக்கின்றன. மான்கோசெப், தாமிர மருந்துகள், போர்டோ கலவை. செல்லின் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குவதால் இவற்றுக்கு இரண்டு வம்சமும் ஒன்றே. திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காக 1885-இல் மில்லார்டே போர்டோ கலவையை அறிவித்தார், அந்த நோயும் ஊமைசீட்தான். ஆனால் இவை இலைமேல் படிந்து காப்பவை. உள்ளே போன நோயை மீட்காது, நீலகிரி மழையில் சீக்கிரம் கழுவிப் போகும். கடையில் ட்ரையசோலும் ஒரு தொடு மருந்தும் சேர்ந்த கூட்டு மருந்துகளும் கிடைக்கின்றன. அவை பின்கருகலில் கொஞ்சம் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு ட்ரையசோலுக்கே அந்தப் பேர் போய்ச் சேர்கிறது. இந்தக் குழப்பமும் நம் பகுதியில் நிறைய உண்டு.

உறவு தெரிந்தால் மருந்து தெரிந்துவிடும் என்று அதற்காக முடிவு கட்டவும் கூடாது. மனிதர் நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் நெடுங்காலம் ஒருசெல் விலங்கு என்று கருதப்பட்டது. 1988-இல் ரைபோசோம் மரபணு அதைப் பூஞ்சாணம் என்று காட்டியது. ஆனால் அதன் சவ்வில் எர்கோஸ்டெராலுக்குப் பதில் கொலஸ்ட்ரால், அதனால் வழக்கமான பூஞ்சாண மருந்துகள் பலவும் அதற்குப் பலிப்பதில்லை. வம்சம் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும், அந்த உயிரின் உடம்பையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, இவ்வளவு தூரத்து உறவு என்றால் இலையைத் தாக்கும் விதத்தில் மட்டும் எப்படி இவ்வளவு ஒற்றுமை? ஒரு பகுதி விடை 2011-இல் வந்தது. ஊமைசீட்டுகள் தம் மரபணுக்களில் சிலவற்றை உண்மைப் பூஞ்சாணங்களிடமிருந்தே பக்கவாட்டில் பெற்றிருக்கின்றன, அவற்றில் தாவரச் சுவரைக் கரைக்கும் நொதிகளும் சேர்த்தி என்று ரிச்சர்ட்ஸும் குழுவினரும் காட்டினார்கள். வம்சாவளி மரத்தில் இப்படிக் குறுக்கே ஓடும் இழைகளும் உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

ஒரே இனத்துக்குள் வேறு வழி

நோய் பைட்டோப்தோரா என்று உறுதியான பிறகு, மெட்டலாக்சில் கலந்த மருந்தை எடுக்கலாமா என்று அக்காவின் மகன் கேட்டார். ஊமைசீட்டுக்கே ஆன மருந்து, பேரும் பிரபலம். நாங்கள் வேண்டாம் என்றோம்.

மெட்டலாக்சிலுக்கு எதிர்ப்பு 1980-இலேயே ஐரோப்பாவில் வந்துவிட்டது. 2004-இல் அங்கே முதலில் தெரிந்த 13_ஏ2 என்ற வழி, அதாவது அதே இனத்துக்குள் பிரிந்த ஒரு வம்சக் கிளை, மெட்டலாக்சிலைத் தாங்குவது, நோய் வேகமும் கூடியது. தென்னிந்தியாவில் 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் தக்காளியிலும் உருளையிலும் வந்த கடும் தாக்குதல்களில் இந்த வழியைத்தான் மரபணுக் குறியீடுகளை வைத்து அடையாளம் கண்டார்கள். நுண்ணோக்கியில் பழைய வழியும் புதிய வழியும் ஒன்றே. அதே எலுமிச்சை, அதே காம்பு. ஐ.டி.எஸ். கூட இங்கே உதவாது. மரபணுவில் குட்டியாகத் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளின் நீளத்தை ஒப்பிட்டால்தான் பிரியும்.

இந்த உயிர் ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதற்கு 2009-இல் வெளிவந்த அதன் முழு மரபணுத்தொகுதி ஒரு சாளரம் திறந்தது. சுமார் 24 கோடி எழுத்துகள், அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். செடியின் எதிர்ப்பை முறியடிக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் அந்தத் துண்டுகள் நிறைந்த பகுதிகளிலேயே கிடக்கின்றன. குஃப்ரி ஜோதி 1968-இல் வந்த ரகம், பின்கருகலை ஓரளவு தாங்கும் என்று பேர் வாங்கியது. அந்தத் தாங்கும் திறனை நம்பி இன்றைக்கு மருந்தைத் தள்ளிப்போட முடியாது.

வழி கண்டறியும் சோதனைக்குக் காத்திருந்தால் செடி இருக்காது. 13_ஏ2 என்றே வைத்துக்கொண்டு முடிவெடுத்தோம்.

செய்தது

கீழ்ப்பாத்திகளில் தண்டே கருத்துவிட்டது. அங்கே மருந்துக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை என்று தழையை அறுத்து வெளியே எடுத்து, குழி தோண்டிப் புதைத்தோம். கிழங்கை உடனே தோண்டவில்லை. இரண்டு வாரம் மண்ணுக்குள்ளேயே விட்டால் தோல் முற்றும், மேலே விழுந்து கிடக்கும் வித்துப்பைகளும் செத்துவிடும். அவசரப்பட்டுத் தோண்டினால் கிழங்கு அவற்றின்மேல் உருண்டுதான் மூட்டைக்குப் போகும்.

மேல்பாத்திகளில் திட்டு குறைவு. டைமெத்தோமார்ஃபும் மான்கோசெபும் லேபிளில் உருளைக்கிழங்குக்குச் சொன்ன அளவில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்தோம். அடுத்த முறை சைமாக்சனிலும் மான்கோசெபும் சேர்ந்த மருந்து. ஒரே மருந்தை அடுத்தடுத்து அடித்தால் எதிர்ப்பு வரும். இதற்காகவே உலக அளவில் மருந்துகளுக்கு ஃப்ராக் எண் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், செயல்படும் இடத்தை வைத்து. ஹெக்சாகோனசோல் 3, மெட்டலாக்சில் 4, சைமாக்சனில் 27, டைமெத்தோமார்ஃப் 40. மருந்துப் பெயர் வேறாக இருந்தாலும் எண் ஒன்றானால் அது மாற்று மருந்து ஆகாது. அக்காவின் மகன் அலமாரிக் கதவில் இந்த எண்களை எழுதி ஒட்டி, தேயிலை மருந்துகளைத் தனித் தட்டுக்கு மாற்றிவிட்டார்.

மேல்பாத்திகள் பெரும்பாலும் தப்பின. கீழே எடுத்த கிழங்கில் சிலவற்றில் தோலுக்கடியில் செம்பழுப்பு அழுகல் இருந்தது. அவற்றை வயலோரம் குவிக்காமல் அன்றைக்கே புதைக்கச் சொன்னோம், குவியலில் முளைக்கும் செடிதான் அடுத்த போகத்துக்கு நோயைக் கொண்டுபோகும். இந்த நிலத்துக் கிழங்கில் இருந்து விதை எடுக்க வேண்டாம் என்றதும் அக்காவுக்கு வருத்தம்தான். விதைக்கிழங்கு விலை அப்படி. கடைபோகத்துக்குக் கீழ்ப்பாத்திகளில் உருளையை விட்டுவிட்டு கேரட் போடுவதாக முடிவானது. தக்காளி வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னோம், அதுவும் இதே பைட்டோப்தோராவுக்கு இரை.

கடையில் காட்ட இலை கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுக்கக் கருகிய இலையைப் பறிக்காதீர்கள், அதில் எல்லா நோயும் ஒன்றாகத்தான் தெரியும். பாதி பச்சையும் பாதி புண்ணுமாக இருக்கும் இலை வேண்டும். காலையில் பறித்து, செய்தித்தாளில் சுற்றி, செடியில் எந்த உயரத்தில் இருந்தது, எத்தனை நாளாக மழை, என்ன மருந்து ஏற்கெனவே அடித்தது என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கொண்டுபோங்கள்.